இரவு மேடையா, பகல் அறையா? டிஜே தொழிலில் யாருக்கு எந்த வழி

மின்னணு நடன இசைத் தொழிலில் பெயர் ஒரு வேலையில் கிடைக்கிறது, பணம் வேறொரு வேலையில் கிடைக்கிறது. டிஜே ஆகப்போகிறேன் என்று கிளம்பும் பிள்ளைகளுக்கு இதை யாரும் முதலில் சொல்வதில்லை. அறைக்குள் தனியாக உட்கார்ந்து செய்த ஒரு டிராக் ஊர் ஊராகப் போய்ப் பெயர் வாங்கிக் கொடுக்கும். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்கு ஏதோ ஒரு நகரத்தின் கிளப்பில் போய் நின்றால்தான் கையில் காசு சேரும். முன்னதைச் செய்பவர் புரொடியூசர். பணம் போடுபவர் அல்ல, மெட்டு, தாளம், ஒலிக்கலவை என்று ஒரு டிராக்கை முழுசாக முடிப்பவர். பின்னதைச் செய்பவர் டிஜே. இன்றைக்குப் பெரிய பெயர்கள் எல்லாரும் இரண்டையும் செய்கிறார்கள் என்பதால் இரண்டும் ஒரே வேலை போலத் தெரிகிறது.

கால்வின் ஹாரிஸின் கணக்கைப் பாருங்கள். ஸ்காட்லாந்தில் டம்ஃப்ரீஸ் என்ற சிறு நகரத்துக்காரர். சூப்பர் மார்க்கெட்டில் சரக்கு அடுக்கிக்கொண்டே வீட்டில் ஒரு பழைய அமிகா கம்ப்யூட்டரில் இசை செய்தவர். 2007இல் முதல் ஆல்பம். 2012இல் வந்த ஆல்பத்திலிருந்து ஒன்பது பாடல்கள் பிரிட்டனின் முதல் பத்து இடங்களுக்குள் போயின. 2013 தொடங்கி 2018 வரை ஃபோர்ப்ஸ் பத்திரிகையின் டிஜே வருமானப் பட்டியலில் ஆண்டுதோறும் அவர்தான் முதலிடம். 2013இல் மட்டும் 4.6 கோடி டாலர். பாட்டெல்லாம் விற்றுத்தான் இவ்வளவா என்றால், இல்லை. பெரும்பங்கு லாஸ் வேகஸ் கிளப்புகளும் திருவிழா மேடைகளும் ஓர் இரவுக்கு இவ்வளவு என்று கொடுத்தது. ஒன்பது பாடல்களும் அந்த மேடைகளுக்கான அழைப்பிதழ்கள்தான்.

பாட்டின் வருமானம் எவ்வளவு மெலிந்தது என்பதற்கும் ஒரு கணக்கு. ஸ்ட்ரீமிங்கில் ஒருவர் ஒரு தடவை கேட்டால் உரிமையாளருக்குக் கிடைப்பது பொதுவாக அரை சென்ட்டுக்கும் குறைவு. பத்து லட்சம் தடவை கேட்டாலும் சில ஆயிரம் டாலர்தான். அதிலும் லேபிள் என்கிற இசை வெளியீட்டு நிறுவனம், பாடியவர், எழுதியவர் என்று பங்கு பிரியும். 2024 முதல் ஸ்பாட்டிஃபை இன்னொரு விதியும் கொண்டுவந்திருக்கிறது: பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் தடவையாவது கேட்கப்படாத டிராக்குக்கு ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது. புதிதாக வருகிற ஆளுக்கு இந்த வரவை நம்பி வாடகை கொடுக்க முடியாது.

ஆகவே எதைச் சோற்றுக்கு வைத்துக்கொள்வது, எதைப் பெயருக்கு வைத்துக்கொள்வது என்பதைத்தான் ஒருவர் முடிவு செய்ய வேண்டும். அதை வெறும் விருப்பத்தை வைத்து முடிவு செய்யவும் முடியாது, ஏனென்றால் இரண்டு வேலையும் நேர் எதிரான வாழ்க்கையைக் கேட்கின்றன. டிராக் செய்ய அமைதி வேண்டும், களைப்பில்லாத காது வேண்டும், ஒரே எட்டு விநாடியைத் திரும்பத் திரும்பக் கேட்கும் பொறுமை வேண்டும். மேடைக்கு ராத்திரி விழிப்பு, விமானம், கூட்டம், இலவசமாக நீட்டப்படும் மது. பகலில் ஒருத்தரும் ராத்திரியில் இன்னொருத்தருமாக ஒரே உடம்பில் வாழ்வது சில வருடங்களுக்குத்தான் தாங்கும்.

முதல் வழி எல்லார் கண்ணிலும் படுகிற வழி: ஒரு ஹிட், அதைத் தொடர்ந்து உலகச் சுற்றுப்பயணம். மார்ட்டின் கேரிக்ஸ் 2013இல், பதினேழு வயதில், ஒரே ஒரு டிராக்கில் இதற்குள் நுழைந்தார். ஆனால் இந்த வழியை எடைபோட அவிச்சியைத்தான் நான் எடுத்துக்கொள்வேன். ஸ்டாக்ஹோம் பையன், இயற்பெயர் டிம் பெர்லிங். படுக்கையறையில் எஃப்எல் ஸ்டூடியோ மென்பொருளில் கற்றுக்கொண்டவர். அமெரிக்கப் பாடகி எட்டா ஜேம்ஸ் 1962இல் பாடிய ஒரு வரியை வெட்டி எடுத்து, அதன்மேல் சின்தசைசர் மெட்டு ஒன்றை ஏற்றி 2011இல் அவர் வெளியிட்ட டிராக் உலகமெங்கும் ஓடியது. 2013 மார்ச்சில் மயாமியின் அல்ட்ரா திருவிழாவில், கணினி இசைக்காக வந்திருந்த கூட்டத்தின் முன்னால், நாட்டுப்புறச் சாயல் கொண்ட வாத்தியக் குழுவை நிறுத்தினார். கூட்டம் குழம்பியது, முணுமுணுத்தது. அங்கே அந்தக் குழுவோடு அவர் போட்ட பாட்டு ஒன்று அந்தக் கோடையில் பல நாடுகளில் முதலிடம் பிடித்தது. அறையில் அவர் எடுத்த முடிவுகள் அவ்வளவு துல்லியமானவை.

உடம்பின் கதை வேறு. 2012இல், இருபத்திரண்டு வயதில், கணைய அழற்சியோடு நியூயார்க் மருத்துவமனையில் கிடந்தார். 2014இல் பித்தப்பையையும் குடல்வாலையும் எடுத்தார்கள். எட்டு ஆண்டுகளில் எண்ணூறுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள். 2016 மார்ச்சில், இனி மேடை இல்லை என்று அறிவித்து, ஆகஸ்ட்டில் இபிசா தீவில் கடைசி நிகழ்ச்சியை முடித்தார். 2018 ஏப்ரல் 20இல் மஸ்கட்டில் இறந்தபோது வயது இருபத்தெட்டு.

இதைப் புகழின் விலை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அந்த எண்ணூறு என்ற எண்தான் உறுத்துகிறது. வருடத்துக்கு நூறு என்றால் வாரத்துக்கு இரண்டு. கேட்கப் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒவ்வொன்றும் வேறு ஊர், பல சமயம் வேறு கண்டம். தான் உள்ளொடுங்கிய சுபாவம் கொண்டவன் என்று அவரே தன்னைப் பற்றிய ஆவணப்படத்தில் பேசியிருக்கிறார். அவர் அறை மனிதர். அறையில் சம்பாதித்த பெயருக்கு மேடையில் கூலி வாங்க வேண்டியிருந்ததால் மேடைக்குப் போனார்.

எல்லாருக்கும் இப்படி முடிவதில்லை. நெதர்லாந்தின் ஹார்ட்வெல் 2013லும் 2014லும் டிஜே மேக் பத்திரிகையின் வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றவர். 2018இல், முப்பது வயதில், பயணத்தை நிறுத்திக்கொண்டு வீட்டில் இருந்தார். 2022 மார்ச்சில் அல்ட்ராவில் திரும்பி வந்தபோது மேடை அவருக்காகக் காத்திருந்தது. எரிக் பிரிட்ஸ் விமானப் பயத்துக்குப் பேர்போனவர்; குறைவாகப் பயணம் செய்து, போகிற இடத்தில் ஹோலோ என்ற பிரம்மாண்ட ஒளிக்காட்சியோடு வாசித்துத் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். எத்தனை ராத்திரி என்று தாமே எண்ணிக்கை வைத்துக்கொண்டவர்கள் தப்பிக்கிறார்கள். புக்கிங் ஏஜென்ட்டும் மேனேஜரும் அதை உங்களுக்காகச் செய்யமாட்டார்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிப் பணத்திலும் ஏஜென்ட்டுக்குப் பத்து முதல் பதினைந்து சதவீதம், மேனேஜருக்குப் பதினைந்து முதல் இருபது என்பது தொழிலில் வழக்கம். நீங்கள் வீட்டில் தூங்கும் ராத்திரியில் அவர்களுக்கும் வருமானம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். திருவிழா மேடையில் அறுபது அல்லது தொண்ணூறு நிமிடம் நடப்பதில் டிஜே கலை குறைவு. விளக்கும் வீடியோவும் தீப்பொறியும் இசையோடு அச்சாகப் பொருந்த வேண்டுமென்றால் வரிசை முன்கூட்டியே தீர்மானமாகியிருக்கும். நாங்கள் எல்லாரும் பிளே பொத்தானைத்தான் அழுத்துகிறோம் என்று 2012இல் டெட்மவுஸ் எழுதி, சக கலைஞர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார். முழு உண்மை இல்லை என்றாலும், பெரிய மேடைகளைப் பொறுத்தவரை மறுப்பதும் கடினம்.

டிஜே கலை முழுசாக உயிரோடு இருப்பது கிளப்பில். அதுதான் இரண்டாவது வழி. ஒரே கிளப்பில் வாரம் ஒரு முறை, அல்லது மாதம் இரு முறை, நிரந்தரமாக வாசிக்கும் ரெசிடென்ட். சிகாகோவின் வேர்ஹவுஸ் கிளப்பில் 1977 முதல் ஃபிராங்கி நக்கிள்ஸ் செய்தது இதைத்தான். ஹவுஸ் என்ற இசை வகையின் பெயரே அந்த கிளப் பெயரின் பின்பாதியிலிருந்துதான் ஊருக்குள் வந்தது. இங்கிலாந்தின் கார்ல் காக்ஸ் இபிசாவின் ஸ்பேஸ் கிளப்பில் 2001 முதல் 2016 வரை, கோடைக்குக் கோடை, செவ்வாய்க்கிழமைதோறும் வாசித்தார். கிளப் மூடப்பட்டபோது கடைசி இரவில் பழைய வினைல் தட்டுகளையே போட்டார்.

டிஜே நின்று வாசிக்கும் சாவடிக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். பாட்டை ஓட்டும் கருவிக்கு டெக் என்று பெயர். இடது டெக்கில் ஓடும் டிராக் நிமிடத்துக்கு 124 தாள அடி. அடுத்து வரப்போவது வலது டெக்கில், 126. ஹெட்போனை ஒரு காதில் மட்டும் அழுத்திக்கொண்டு, வேகத் தண்டை மயிரிழை நகர்த்தி, இரண்டின் கிக்கையும், அதாவது அடித்தாள டிரம் ஒலியையும், ஒன்றன்மேல் ஒன்று உட்கார வைக்க வேண்டும். இப்போது இதை சிங்க் பொத்தானே செய்துவிடும். அதை அழுத்துகிறவனைப் பழைய ஆட்கள் முறைப்பார்கள், நான் முறைக்கமாட்டேன். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு டிராக்கின் பேஸும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் சப்ஊஃபரில் வெறும் குழைவுதான் மிஞ்சும். ஆகவே உள்ளே வருகிறதன் லோ திருகை அடியோடு மூடி வைத்து, மேல் ஒலிகளை மட்டும் மெல்லக் கசியவிட்டு, முப்பத்திரண்டு அடி ஒரு வட்டம் முடிகிற அந்த இடத்தில் ஒரு கையால் ஒன்றை மூடி மறு கையால் மற்றதைத் திறக்க வேண்டும். அரை விநாடி பிந்தினால் ஆடுகிறவர்களின் இடுப்பு ஒரு கணம் தடுமாறுவது மேலிருந்தே தெரியும். சரியாக விழுந்தால் பாட்டு மாறியதே யாருக்கும் தெரியாது, ஆனால் தளம் முழுக்க ஒரு மூச்சு ஏறும்.

தென்னாப்பிரிக்காவின் பிளாக் காஃபி இதை ஒற்றைக் கையால் செய்கிறார். 1990 பிப்ரவரியில், மண்டேலா விடுதலையைக் கொண்டாடிய கூட்டத்தில் கார் ஒன்று புகுந்ததில் அவருடைய இடது கை செயலிழந்தது. அப்போது பதின்ம வயது. மணிக்கணக்கில் நிதானமாக இழைத்துப் போகும் செட்டுகளால் பேர் வாங்கி, அதே ஸ்பேஸ் இருந்த இடத்தில் 2017இல் திறந்த ஹாய் கிளப்பில் ரெசிடென்ட் ஆனார். 2022இல் நடன இசை ஆல்பத்துக்கான கிராமி விருதும் வாங்கினார். பொத்தான் அழுத்துகிற வேலைதானே என்பவர்களுக்கு இவரைத்தான் காட்ட வேண்டும்.

ரெசிடென்ட் வழியின் அடிமட்டம் அத்தனை ஒளிமயமானது அல்ல. பத்து மணிக்குக் கதவு திறக்கும்; உள்ளே மது ஊற்றுகிறவரும் பெயின்ட் வாடையும் மட்டும்தான். பெரிய டிஜே ஒன்றரை மணிக்கு வருவார். அதுவரை காலி அறையை நிரப்புவது உங்கள் பொறுப்பு. இதில் கைதட்டலுக்கு ஆசைப்பட்டு இரவின் உச்சத்துக்குரிய டிராக்குகளைப் பதினொரு மணிக்கே போட்டுத் தீர்த்தவனை அந்த கிளப் மறுபடி கூப்பிடாது. கச்சேரிக்கு வர்ணம் எப்படியோ, அப்படி: குரல் பழக வேண்டும், கூட்டம் உட்கார வேண்டும், ஆனால் பிரதான ராகத்தின் இடத்தைத் தொட்டுவிடக் கூடாது. கூலி குறைவு. ஆனால் கூட்டத்தைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் வேறு பள்ளிக்கூடம் இந்தத் தொழிலில் கிடையாது. சொந்தப் படுக்கையில் தூங்கலாம் என்பதும் நாற்பது வயதில் பெரிய விஷயமாகத் தெரியும்.

இதன் குறை, ஊர். ரெசிடென்ட் ஆக வேண்டுமென்றால் நடன கிளப் என்ற ஒன்று வேரூன்றிய ஊரில் இருக்க வேண்டும். பெர்லின், லண்டன், ஆம்ஸ்டர்டாமில் இருப்பவனுக்கு இது இயல்பான முதல் படி. தமிழ்நாட்டில் டிஜே என்று சொன்னால் பெரும்பாலும் கல்யாண வரவேற்பும் கல்லூரி விழாவும்தான். அதை மட்டமாக நினைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. முன்பணம் கிடைக்கும், கூட்டம் ஆடத் தயாராகவே வந்திருக்கும், பாட்டியையும் பேரனையும் ஒரே பாட்டில் எழுப்பக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாமல் கை காயும். மார்கழியில் புத்தாண்டு ராத்திரி ஒன்றுதான் கைகொடுக்கும். முக்கியமாக, அங்கே வேண்டியது சினிமாப் பாட்டு. பத்து வருடம் வாசித்தாலும் சொந்த டிராக் ஒன்றைப் போட இடம் வாய்க்காது. சோற்றுக்கு நல்ல வழி. பெயருக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

மூன்றாவது வழி, அறையைவிட்டு வெளியே வராமலே பிழைப்பது. இதற்கும் நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. லண்டனின் பரியல் மேடையேறுவதே இல்லை. 2007இல் வந்த இரண்டாவது ஆல்பம் மறுவருடம் பிரிட்டனின் மெர்க்குரி ஆல்பம் விருதுக்கு முன்மொழியப்பட்டபோது ஆள் யாரென்றே ஊருக்குத் தெரியாது. பத்திரிகைகள் துருவத் தொடங்கியதும் 2008இல் தானே பெயரைச் சொல்லிவிட்டு மறுபடி அறைக்குள் போய்விட்டார். வெகு அபூர்வமான ஆள். அவரை முன்மாதிரியாக வைத்துக்கொண்டு வேலையை விடுவது புத்திசாலித்தனம் ஆகாது.

சாதாரண மனிதர்களுக்கு அறையில் மூன்று விதமான கூலி உண்டு. ஒன்று, ஒலித்துணுக்குகள் செய்து விற்பது. கிக், கைதட்டல், சின்தசைசர் சத்தம் என்று நூற்றுக்கணக்கில் தொகுத்து ஸ்பிளைஸ் போன்ற தளங்களில் போடுகிறார்கள். காஷ்மீர் வம்சாவளி கொண்ட அமெரிக்கரான கேஷ்மியர் மேடையில் புகழ்பெற்ற பிறகும் இத்தகைய தொகுப்புகளால் இன்னொரு பெயர் எடுத்தவர். இரண்டு, பேயாக எழுதுவது: டிராக்கை முழுசாகச் செய்து, ஒரு தொகை வாங்கிக்கொண்டு, இன்னொரு டிஜேவின் பெயரில் வெளியாக விட்டுவிடுவது. ரகசிய ஒப்பந்தம் கையெழுத்தாகும். டிராக் உலகமெல்லாம் ஓடினாலும் மேற்கொண்டு சல்லிக்காசு வராது, என் டிராக் என்று அம்மாவிடம்கூடச் சொல்ல முடியாது. இதை அவமானமான வேலை என்று நான் சொல்லமாட்டேன். முடித்துக் கொடுக்கும் பழக்கம் வரும், தேதிக்குள் வேலை செய்யப் பழகும். ஆனால் இரண்டு வருடத்துக்கு மேல் அதிலேயே இருப்பது கிணற்றில் கல் போடுவதுதான்.

மூன்றாவது விதம்தான் எனக்குப் பிடித்தது: வெளிப்படையாக, பெயர் போட்டு, மற்றவர்களின் பாடல்களைத் தயாரிப்பது. ஃபிரெட் அகெய்ன் என்று இன்று அறியப்படும் லண்டன்காரர், எட் ஷீரன் முதலியோரின் பாடல்களுக்குப் பின்னணியில் இருந்தவர். 2020இல் பிரிட் விருதுகளில் ஆண்டின் சிறந்த தயாரிப்பாளர். அதன்பிறகுதான், 2021இல், சொந்தப் பெயரில் முதல் ஆல்பம். 2022இல் லண்டனில் ஒரு சிறு அறைக்குள் ரசிகர்கள் தோளோடு தோள் உரச பாய்லர் ரூம் என்ற இணைய இசைத்தொடருக்காக அவர் வாசித்த நிகழ்ச்சி இணையத்தில் பரவியது. 2023 பிப்ரவரியில் ஸ்கிரிலெக்ஸ், ஃபோர் டெட் என்ற டிஜேக்கள் இருவரோடும் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் மேடையில் நின்றார். சோற்றுப் பிரச்சினையை அறையிலேயே தீர்த்துவிட்டு மேடைக்கு வந்தவர் என்பதால் எந்த மேடைக்கு எப்போது போவது என்று அவரே தீர்மானிக்க முடிந்தது.

இந்த ஏற்பாட்டுக்கு நம் நாட்டில் பழைய உதாரணம் ஒன்று உண்டு. மும்பையின் சரண்ஜித் சிங், சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்துப் பிழைத்தவர். 1982இல் ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808, டிபி-303, ஜூப்பிட்டர்-8 என்ற மூன்று மின்னணு இசைக்கருவிகளையும் வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிந்தார். அதே 303 கருவியை வைத்து சிகாகோக்காரர்கள் ஹவுஸ் இசையின் கிளையான ஆசிட் ஹவுஸை வெளியிட்டது 1987இல். சரண்ஜித்தின் தட்டு அப்போது விலைபோகவில்லை. 2010இல் ஐரோப்பாவில் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. முதுமையில் வெளிநாட்டு மேடைகளில் வாசித்தார், 2015இல் காலமானார். இடைப்பட்ட கால் நூற்றாண்டும் அவருக்குச் சோறு போட்டது அந்தத் தட்டு அல்ல.

அறை வழிக்கு ஆசைப்படுகிறவர்களிடம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். என் அக்கா மகன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான், ராத்திரிகளில் டிராக் செய்கிறான். “மாமா, வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்” என்றான்.

“எத்தனை டிராக் முடித்திருக்கிறாய்?”

“தொடங்கியது நிறைய இருக்கிறது மாமா.”

“முடித்தது?”

பேச்சை மாற்றிவிட்டான். இது அவன் ஒருவனுடைய நோய் அல்ல. எட்டு பார் லூப், அதாவது திரும்பத் திரும்பச் சுழலும் சிறு இசைத்துண்டு, ஒன்றைக் கட்டிவிடுவது இன்றைய மென்பொருளில் ஒரு மாலை வேலை. கிக் விழும் கணத்தில் பேஸை லேசாக அமுக்கி, இரண்டும் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்க வைத்துவிட்டால் அது உடனே பெரிய டிராக் மாதிரி ஒலிக்கும். சுழன்றுகொண்டே இருக்கும், கேட்கச் சுகமாக இருக்கும். அந்தச் சுகம்தான் பொறி. அதை ஐந்து நிமிடக் கதையாக நீட்டுவது, எங்கே கிக்கை எடுப்பது, எத்தனை அடி காக்கவைப்பது, எங்கே திருப்பிப் போடுவது என்று முடிவெடுப்பது, முடித்ததை வேறு நான்கு ஒலிபெருக்கிகளில் கேட்டுத் திருத்துவது எல்லாம் சுகமில்லாத வேலை. முடிக்கிற பழக்கம் இல்லாதவருக்கு, எவ்வளவு திறமை இருந்தாலும், ரெசிடென்ட் வழிதான் நல்லது. அங்கே நேரம் வந்தால் செட் தானாக முடிந்துவிடும்.

எந்த வழியில் போனாலும் குறுக்கே வருவது ஒப்பந்தம். தனியாக வெளியிடுவதா, லேபிளுக்குக் கொடுப்பதா என்பதை அந்த நேரத்து அவசரத்தில் முடிவு செய்து பிறகு ஆண்டுக்கணக்கில் அழுகிறவர்கள் அதிகம். கேரிக்ஸ் தன்னை உலகப் புகழ் பெறவைத்த ஸ்பின்னின் லேபிளோடும், அதே ஆட்கள் நடத்திய மேலாண்மை நிறுவனத்தோடும் 2015இல் முறித்துக்கொண்டு நீதிமன்றம் போனார். பதின்ம வயதில் போட்ட கையெழுத்து. வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. 2016இல் ஸ்டாம்ப்ட் ரெக்கார்ட்ஸ் என்று சொந்த லேபிளே தொடங்கிவிட்டார். லேபிளும் மேனேஜரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருந்தால் உங்கள் பக்கம் நின்று பேரம் பேச ஆள் இல்லை என்று அர்த்தம்.

இதைவிட நுணுக்கமானது ஃபோர் டெட் என்கிற கீரன் ஹெப்டனின் வழக்கு. லண்டன்காரர்; தாய் வழியில் தென்னாப்பிரிக்க இந்தியர். டோமினோ லேபிளோடு 2001இல் ஒப்பந்தம். அப்போது ஸ்ட்ரீமிங் என்ற சொல்லே ஒப்பந்தத்தில் இருக்க வாய்ப்பில்லை. பின்னால் அது வந்தபோது லேபிள் அதைத் தட்டு விற்பனை மாதிரி கணக்கிட்டு 18 சதவீதம் கொடுத்தது. இது விற்பனை அல்ல, உரிமம், 50 சதவீதம் வர வேண்டும் என்றார் அவர். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2021 நவம்பரில், அவருடைய மூன்று ஆல்பங்களை ஸ்ட்ரீமிங்கிலிருந்தே லேபிள் தூக்கிவிட்டது. சொந்தப் பாட்டைச் சொந்த ரசிகன் கேட்க முடியாத நிலை. 2022 ஜூனில் சமரசம்: 50 சதவீதம், பாக்கியாக 56,921 பவுண்டு. தொகை பெரிதில்லை. இருபது வருடத்துக்கு முன் எழுதிய ஒரு வரி எவ்வளவு தூரம் துரத்துகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

என் கட்சி இதில் தெளிவு. முதல் டிராக்கை லேபிளுக்குக் கொடுக்கலாம். பெரிய லேபிளின் பட்டியலில் இடம்பெறுவது மேடை வாங்கித் தரும். ஆனால் மாஸ்டர், அதாவது மூல ஒலிப்பதிவின் உரிமை, என்றைக்குமாகப் போகக் கூடாது. ஐந்து வருடம், ஏழு வருடம் என்று உரிமமாகக் கொடுத்துவிட்டுத் திரும்பி வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு ஒத்துக்கொள்ளாத லேபிள் என்றால், தனியாக வெளியிட்டுக் குறைவான பேர் கேட்பதே மேல். அடுத்தடுத்த டிராக்குகளையும் இவர்களுக்கே கொடுக்க வேண்டும் என்ற வரி இருந்தால் பேனாவை மூடிவிட்டு ஒரு வக்கீலைப் பாருங்கள்.

வழிகளுக்குத் திரும்பினால், முதல் வழியை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. அது பயங்கரம் என்பதற்காக அல்ல. அது தேர்ந்தெடுக்கும் வழியே அல்ல. ஹிட் வந்தால் அந்தச் சுழல் தானே வந்து இழுத்துக்கொள்ளும். வராதவர் அதற்காகத் திட்டம் போட்டு ஆவது ஒன்றுமில்லை. வந்துவிட்டால் செய்ய வேண்டியது, வருடத்துக்கு எத்தனை ராத்திரி என்ற எண்ணை முதல் ஒப்பந்தத்துக்கு முன்பே எழுதி ஏஜென்ட் கையில் கொடுத்துவிடுவது.

கூட்டத்தின் நடுவில் சக்தி ஏறுகிறவர், நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பும்போது இன்னும் பேச ஆள் தேடுகிறவர், இரண்டாவது வழிக்குப் பிறந்தவர். கிளப் உள்ள ஊரில் இருந்தால் வாரத்தில் யாரும் வராத ஒரு கிழமையைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். இல்லாத ஊரில் இருந்தால் கல்யாண வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, ஓட்டல் மாடியிலோ காபிக்கடையிலோ மாதம் ஒரு ராத்திரி சொந்தமாக நடத்தட்டும். நுழைவுக் கட்டணம் தேறாவிட்டாலும் சொந்த டிராக் போட ஓர் இடம் இருக்கும். நிகழ்ச்சி முடிந்ததும் வாய் மூடி ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளத் தோன்றுகிறவர் மூன்றாவது வழிக்காரர். வேலையை விடாமல், மாதம் ஒரு டிராக் முடிப்பது என்று ஒரு வருடம் ஓட்டிப் பார்க்கட்டும். பிறகு மற்றவர்களுக்குத் தயாரித்துக் கொடுக்கும் வேலையைத் தேடலாம். வருடக் கடைசியில் பன்னிரண்டில் குறைந்தது எட்டு முடிந்திருந்தால் வேலையை விடுவது பற்றிப் பேச்சு எடுக்கலாம்.

கருவிகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எஃப்எல் ஸ்டூடியோவா, ஏபிள்டன் லைவா என்ற சண்டை முடிவே இல்லாதது. ஒருமுறை வாங்கினால் புதிய பதிப்புகள் இலவசம் என்பதால் கையில் பணம் இல்லாதவருக்கு முன்னது, மேடையில் லேப்டாப்போடு நேரடியாக வாசிக்க நினைப்பவருக்குப் பின்னது. கிளப்புகளில் இருக்கும் பயனியர் டெக்குகள் வீட்டுக்கு வாங்கக் கட்டுப்படியாகாது, தேவையும் இல்லை. சிறிய கன்ட்ரோலரில் பழகி, யூஎஸ்பியில் டிராக்குகளை ஒழுங்காக அடுக்கிக்கொண்டு போனால் போதும். செலவில் கஞ்சத்தனம் கூடாத இடம் காது ஒன்றுதான். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, ஒவ்வொரு மூன்று டெசிபல் ஏற்றத்துக்கும் பாதி நேரம்தான் தாங்கும் என்பது அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அப்படியென்றால் 100 டெசிபலில் பதினைந்து நிமிடம். கிளப்புகளில் அந்த அளவு சர்வ சாதாரணம், செட்டோ மூன்று மணி நேரம். காது வல்லுநரிடம் அச்செடுத்துச் செய்யும் அடைப்பான்கள் எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும் என்பதால் கலவை கெடாமல் கேட்கும். கன்ட்ரோலருக்கு முன்பே வாங்கிக்கொள்ளுங்கள்.